இண்டர்வியூவில் நான் சொன்ன பாதிக் கணிச்சம்

பணி அனுபவங்களை ஓய்வு பெற்ற பிறகுதான் எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. தலை நரைத்து, பென்ஷன் வாங்கி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுதுவார்கள். அதுவரை எனக்குப் பொறுமை கிடையாது. சர்வீஸில் சேர்ந்து முழுசாக மூன்று வருடம் ஆகிவிட்டது. எங்கள் ஆபீசில் என்னைவிட இளையவர்களாக நீங்கள் நாலு பேர் வந்துவிட்டீர்கள். அப்படியென்றால் நான் சீனியர். போதாதா?

நீங்கள் நாலு பேரும் தற்காலிகம். அடுத்த மாதம் நம் தலைநகரான திருவனந்தபுரத்தில் நிரந்தர வேலைக்கு இண்டர்வியூ. நேற்று டீக்கடையில் நீங்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஒருவன் பொது அறிவுப் புத்தகத்தை மனப்பாடம் செய்கிறானாம். இன்னொருவன் கோட்டு இரவல் கேட்டு அலைகிறானாம். கோட்டெல்லாம் வேண்டாம் மக்களே! நான் போட்டுப்போன இரவல் கோட்டின் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. அதையும் மீறித்தான் எனக்கு வேலை கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதையும், அந்த அறையில் நான் செய்த தப்பையும் சொல்கிறேன். தப்பு சின்னதில்லை.

பி.ஏ. முடித்து ஏழு மாதம், தக்கலையில் அப்பாவின் பலசரக்குக் கடையில் உளுந்தும் பயறும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், வெல்லம் மடிக்க எடுத்த பத்திரிகைத் தாளிலேயே அந்த விளம்பரம் இருந்தது. மீன்துறையில் கடலோர உதவியாளர். நம் பகுதிக்கு ஒரே ஒரு இடம். கடற்கரை கடற்கரையாகப் போக வேண்டும்; யார், எங்கே, எப்படி மீன் பிடிக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். இண்டர்மீடியட் தேறியிருந்தால் போதும். வெல்லத்தைக் கீழே வைத்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரே ஒரு சிக்கல்தான். எங்கள் வீட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக மீன் நுழைந்ததில்லை. கடை வாசலில் மீன்காரப் பெண்கள் ஓலைக் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போனால், அவர்கள் தெருமுனை தாண்டும்வரை நான் மூச்சுவிட மாட்டேன்.

விண்ணப்பத்தின் கடைசிக் கட்டம், 'இத்துறையில் சிறப்பு அனுபவம்'. அதைக் காலியாக விட எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. 'கடலோர மக்களின் மீன்பிடி முறைகளில் நேரடிப் பரிச்சயம் உண்டு' என்று இங்கிலீஷில் சுழித்து எழுதினேன். உண்மை என்ன தெரியுமா? நாகர்கோவிலில் காலேஜில் இண்டர்மீடியட் படித்தபோது இரண்டு வருடம் என் பெஞ்சில் கடியப்பட்டணத்துச் சூசை உட்கார்ந்திருந்தான். என் கடல் மொத்தமும் அவ்வளவுதான்.

இண்டர்வியூ கார்டு வந்தது. எட்டு நாள்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு வியர்த்தது. கேள்வி கேட்பவன் மடையனாக இருந்தாலும் அந்தக் கடைசிக் கட்டத்தில் இருந்துதான் ஆரம்பிப்பான். எட்டு நாளில் அந்த ஒரு வரியை உண்மையாக்கியாக வேண்டும். சிநேகிதன் வீட்டுக் கல்யாணம் என்று அப்பாவிடம் ஒரு பொய் சொல்லிவிட்டுக் கடியப்பட்டணத்துக்குக் கிளம்பினேன்.

சூசை இண்டர்மீடியட்டில் இங்கிலீஷில் இரண்டு தடவை தோற்று, படிப்பை விட்டு, இறந்துபோன அப்பனின் கட்டுமரத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டவன். மணலில் உட்கார்ந்து வலைக்கண்ணியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே சைவம்! நீ எங்கலே இங்க? வழி தப்பி வந்தியா?"

விஷயத்தைச் சொல்லி விண்ணப்பத்தின் நகலை நீட்டினேன். கடைசிக் கட்டத்தைப் படித்தவன் அப்படியே மணலில் சரிந்து சிரித்தான்.

"நேரடிப் பரிச்சயமா? எனக்க பக்கத்துல இருந்து எனக்க பேப்பரப் பாத்து எழுதினியே, அந்தப் பரிச்சயமாலே?"

"நான் எங்க பாத்தேன்? நீதான் எனக்க பேப்பரப் பாத்தே."

"அதாம்லே ரெண்டு தடவ தோத்தேன்."

சிரித்து முடித்ததும் நகலை மறுபடி வாங்கி, இந்தத் தடவை மேலிருந்து படித்தான். "இந்த சோலிக்கு நான் எழுதிப் போடப்படாதா?" என்றான். இண்டர்மீடியட் தேறியிருக்க வேண்டும் என்கிற வரியை விரலால் காட்டினேன். அவன் அதையும் படித்தான். பிறகு தாளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, "செரி. சர்ட்டிபிகேட்டு உனக்க கையில இருக்கு, கடல் எனக்க கையில இருக்கு. எட்டு நாளு போதும், வா" என்றான்.

இப்படி ஒரு சிநேகிதன் இருந்தால் பொது அறிவுப் புத்தகம் எதற்கு?

சூசையின் அம்மை தக்கலைச் சந்தைக்குத் தினமும் மீன் சுமக்கிறவள். என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"பலசரக்குக் கட பிள்ளைக்க மவந்தானே நீ? நான் போவும்ப மூக்கப் பொத்திட்டு நிப்பியே?"

எனக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. அவள் விடவில்லை. கடவத்தில் இருந்து ஒரு மீனை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள். "இது என்ன?"

லைப்ரரிப் புத்தகத்தில் படம் பார்த்துப் படித்திருந்தேன். "ஸார்டின்" என்றேன்.

"அது யாருக்க பேரு? உனக்க மாமனுக்கா? சாளைன்னு சொல்லுலே. சாளை!"

இப்படித்தான் ஆரம்பித்தது. சாளை, அயிலை, நெத்தோலி, பாரை, கலவா. தப்பாகச் சொன்னால் மீன் வாலால் கையில் ஒரு அடி. மூன்றாம் நாள் மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு முதல் உருண்டையை விழுங்கினேன். வெளியே வந்துவிட்டது. இரண்டாவது உள்ளே தங்கிவிட்டது. ஆறாம் நாள் குழம்பு இன்னும் இருக்கிறதா என்று நானே சட்டியை எட்டிப் பார்த்தேன். இது எங்கள் வீட்டுக்கு இன்றுவரை தெரியாது. உங்களில் யாராவது தக்கலைக் கடைக்குப் போய் வத்திவைத்தால், சீனியர் என்றால் என்னவென்று காட்டுவேன்.

ஐந்தாம் நாள் விடியும்போது சூசை என்னைக் கட்டுமரத்தில் ஏற்றினான். நாலு மரத்துண்டைக் கயிற்றால் கட்டி அதன் மேல் மனிதன் உட்கார்ந்து போகிறான் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். கரை தாண்டிய பத்தாவது நிமிடம் நான் குப்புறப் படுத்து மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வயிற்றில் இருந்த எல்லாம் கடலுக்குப் போயிற்று.

ஓரிடத்தில் சூசை துடுப்பை நிறுத்தித் தூண்டிலை இறக்கினான். இறக்கின கொஞ்ச நேரத்தில் கலவா! ஒன்று, இரண்டு, மூன்று. சுற்றிலும் ஒரே தண்ணீர். இந்த இடத்தில்தான் மீன் என்று இவனுக்கு எப்படித் தெரியும்?

"அடியில பார் இருக்குலே, கல்லு. கல்லுலதான் கலவா கெடக்கும்."

"பார் இங்க இருக்குன்னு எப்பிடித் தெரியும்?"

"கணிச்சம் வச்சு."

கணிச்சம் என்றால் இதுதான். கடலில் இருந்து கரையைப் பார்க்க வேண்டும். கரையில் உயரமாக நிற்கிற ஒன்று, தூரத்து மலையில் ஒரு அடையாளத்துக்கு நேராக வரும். அது ஒரு கோடு. வேறு திசையில் அதே மாதிரி இன்னொரு ஜோடி. அது இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டிக்கொள்கிற இடத்தில் கட்டுமரம் நின்றால், காலுக்குக் கீழே பார். காகிதமும் கிடையாது, கருவியும் கிடையாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்படி ஒன்றிரண்டு பார் உண்டு. அப்பன் மகனுக்குச் சொல்வான், பக்கத்து வீட்டானுக்குச் சொல்ல மாட்டான்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் வேறொரு கட்டுமரம் தெரிந்தது. சூசை மளமளவென்று தூண்டிலைச் சுருட்டினான். துடுப்பைப் போட்டு வெகுதூரம் தள்ளி வந்து, அங்கே தூண்டிலை இறக்கிவிட்டு, ஏதோ மீன் கடிக்கிற மாதிரி கயிற்றை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"இங்க ஒண்ணும் இல்லையே?"

"வாய மூடுலே. அவனுவ போவட்டு."

அவர்கள் போன பிறகு மறுபடி பாருக்கு வந்தோம். வரும்போது அவன் கண் கரையில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போயிற்று. நான் தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்தேன். கரையில் ஒரு உச்சி. அதற்கு நேர் பின்னால் மலையில் ஒரு பள்ளம். எடுத்து வைத்த மாதிரி பொருந்தி நின்றது. முதல் கோடு! எந்த உச்சி, எந்த மலை என்று இங்கே எழுத மாட்டேன். ஏன் என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள். யாரும் சொல்லித் தராமல், வாந்திக்கு நடுவே நானே கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சூசையிடம் இதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

கடைசி நாள், பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "உனக்க கணிச்சத்துல ஒரு கோடு சொல்லேன் மக்கா, ஒண்ணே ஒண்ணு" என்று கேட்டேன். சூசை அம்மையைப் பார்த்தான். அம்மை அடுப்பைப் பார்த்தாள். அவன் தாடையைச் சொறிந்துவிட்டுச் சொன்னான்: "முட்டம் விளக்குமரம் இருக்குல்லா? அது மருந்துவாழ்மலைக்கு நேரா வரணும்."

கலங்கரை விளக்கமும் மலையும்! அப்பன் மகனுக்கு மட்டும் சொல்வதை எனக்குச் சொல்லிவிட்டான்! ஒரு கோடு நான் பார்த்தது, ஒரு கோடு அவன் தந்தது. முழுப் பாரையும் மடியில் கட்டிக்கொண்டு போகிற மாதிரி பஸ் ஏறினேன்.

திருவனந்தபுரம். நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட தலைவர். ஒருவர் என் சர்ட்டிபிகேட்டுகளைப் புரட்டினார். மூன்றாமவர் ஓரத்தில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார், வாயே திறக்கவில்லை. பேச்சு இங்கிலீஷும் மலையாளமுமாக நடந்தது.

தலைவர் என் அப்பா பெயரைப் படித்துவிட்டு முதல் கேள்வியைப் போட்டார். "உங்கள் வீட்டில் மீன் சாப்பிடுவதுண்டா?"

"வீட்டில் இல்லை சார். நான் ஐந்து நாளாகச் சாப்பிடுகிறேன்."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். இந்த இடத்தைக் கவனியுங்கள்! உண்மையைச் சொன்னால் அறையில் காற்று வருகிறது. நான் சுழித்து எழுதின பொய்யைப் பற்றியும் அவர் கேட்டார். எழுதும்போது அது பொய், எட்டு நாளாகத்தான் உண்மை என்று சொல்லிவிட்டேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, அந்த எட்டு நாளில் என்ன பார்த்தீர்கள்?"

பொரிந்து தள்ளினேன். மீன், தூண்டில், கட்டுமரம், கடைசியில் கணிச்சம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படி ஒரு முறை இருப்பதே தெரியாது என்றார். "உதாரணம் சொல்லுங்கள். கடியப்பட்டணத்தில் நீங்கள் போன அந்தப் பாருக்கு என்ன அடையாளம்?"

எனக்குக் கிடைத்தது ஒரு நிமிடம் இருக்குமா? இருக்காது. அதற்குள் கணக்குப் போட்டேன். சூசை தந்த கோடு அவன் நம்பித் தந்தது. அதைச் சொன்னால் துரோகம். நான் பார்த்த கோடு என் கண்ணால் பார்த்தது, என் சொத்து. அதைச் சொல்லலாம். மேலும், ஒற்றைக் கோட்டை வைத்துக்கொண்டு யாரும் பாரைக் கண்டுபிடிக்க முடியாது. வேலையும் கிடைக்கும், ரகசியமும் நிற்கும். எவ்வளவு புத்திசாலி நான்!

உச்சியையும் மலைப்பள்ளத்தையும் சொன்னேன்.

"இரண்டாவது கோடு?"

"அதைச் சொல்ல மாட்டேன் சார்."

"தகவல் சேகரிக்கும் வேலைக்கு வந்துவிட்டுத் தகவல் தர மாட்டேன் என்கிறீர்களா?"

"அது என்னை நம்பிச் சொன்னது சார். இங்கே சொன்னால், நாளைக்கு ஒரு கடற்கரையிலும் ஒருவனும் என்னிடம் வாய் திறக்க மாட்டான். அப்புறம் இந்த வேலைக்கு நான் எதற்கு?"

தலைவருக்கு முகம் சிவந்தது. ஓரத்தில் இருந்தவர் அப்போதுதான் முதல் தடவையாகப் பேசினார். "அங்கே ஆழம் எத்தனை?"

"தெரியாது சார். நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்."

போகச் சொல்லிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஆர்டர் வந்தது! அப்பா துறையின் பெயரைப் படித்துவிட்டுச் சாமி படத்தைப் பார்த்தார். நான் கடியப்பட்டணத்துக்குப் பறந்தேன். கடற்கரையில் எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். அம்மை ஓடி வந்து என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளி, "கொள்ளாம் மக்கா, கொள்ளாம்! மூக்கப் பொத்தினவன் ஆப்பீசர் ஆயாச்சு" என்றாள். சூசை ஆர்டரை இரண்டு கையாலும் வாங்கி, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தான். அவன் எழுதிப்போட முடியாத வேலை. ஆனாலும் அவன் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது.

என் வாய் சும்மா இருக்குமா?

"எல்லாம் சொன்னேன் மக்கா. உனக்க ரகசியத்த மட்டும் சொல்லல்ல. கழுத்தப் புடிச்சுக் கேட்டாவ. விளக்குமரம், மருந்துவாழ்மலை, ம்ஹூம்! நான் அனங்கல்லியே, வாயே தொறக்கல்ல."

சூசை தாளில் இருந்து தலையைத் தூக்கினான். "அத ஏம்லே சொல்லல்ல? சொல்லதுக்குத்தானே தந்தேன்?"

"என்னது?"

"அந்தக் கோட்டுல ஒரு கல்லு கெடையாதுலே. வெறும் மணலு. இண்டர்வியூவுல கேப்பாவ, நீ முழிச்சுட்டு நிப்பியேன்னு ஒண்ண உண்டாக்கித் தந்தேன்." சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். "அப்பம் அங்க எதச் சொன்னே?"

சொன்னேன். அம்மை தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத யாருலே உனக்குச் சொன்னா?" சூசையின் குரல் மாறிவிட்டது.

"யாரும் சொல்லல்ல. மரத்துல கெடந்துட்டு நானேதான் பாத்தேன். ஒரு கோடுதானே மக்கா? பாதிதானே?"

"பாதி போதும்லே! அந்தக் கோட்டப் புடிச்சு, கயித்துல கட்டின ஈயக்குண்ட எறிஞ்சு எறிஞ்சு பாத்துட்டே போனா, எங்க ஆழம் கொறையுதோ அதான் பார். ஒரு நாளு காலம்பற சோலிதான். பஞ்சத்துல எல்லா மரமும் சும்மா திரும்பும்ப எங்க அடுப்பு எரியது அந்தப் பாருலதான். அப்பன் சாவும்ப தந்துட்டுப் போனது அது ஒண்ணுதான்."

ஆர்டரை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு அவன் வலையிடம் போய்விட்டான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மறுபடியும் திருவனந்தபுரம் போனேன். வேலையில் சேர இன்னும் ஆறு நாள் இருந்தது. என் பதிலை ஆபீஸ் காகிதத்தில் இருந்து அடிக்கச் சொல்ல வேண்டும், முடியாது என்றால் ஆர்டரை மேஜையில் வைத்துவிட்டு உளுந்துப் பொட்டலத்துக்கே திரும்பிவிட வேண்டும் என்று முடிவுசெய்திருந்தேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் நான் சேரப்போகும் பிரிவுக்கே மேலதிகாரி என்று அங்கே போன பிறகு தெரிந்தது. அவர் முன்னால் நின்று மூச்சு வாங்காமல் கொட்டித் தீர்த்தேன். காப்பாற்றினது பொய், கொடுத்தது நிஜம் என்று சொல்லி, அந்தப் பதிலை அடித்துவிடச் சொன்னேன்.

அவர் ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்து என் பக்கம் திருப்பினார். பென்சிலில் எழுதியிருந்தது: 'முறை தெரிந்திருக்கிறது. இடத்தைச் சொல்ல மறுத்தார். எடுக்கலாம்.' அவ்வளவுதான். உச்சியும் இல்லை, மலையும் இல்லை.

"நான் சொன்னதை நீங்கள் எழுதவில்லையா சார்?"

"ஞானும் கடப்புறத்துக்காரனாக்கும், கடற்கரையில பிறந்தவன்" என்றார். "கணிச்சத்த யாரெங்கிலும் காகிதத்துல எழுதுவாங்களா? தலைவர் அத அப்பவே மறந்தாச்சு. போ, போய் சோலியில சேரு."

கடியப்பட்டணத்துக்கு வந்து சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. மணலில் ஓடிக்கொண்டே கத்தினேன். "சூசை! எழுதல்லலே! ஒரு எழுத்து எழுதல்ல! அங்க ஒழுங்காக் கேட்டது ஒரே ஒரு ஆளுதான். அவரும் கடப்புறத்துக்காரராக்கும், நம்ம ஆளு!"

சூசை கட்டுமரத்தை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். நிறுத்தினான். "எந்தக் கடப்புறம்?"

"அத நான் கேக்கல்ல."

"கெவர்மெண்டு ஆளு கேட்டா மறந்து போவான்லே. கடப்புறத்தான் மறப்பானா?"

அவனோடு சேர்ந்து மரத்தை இழுத்தேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆகவே, தம்பிமாரே, அந்த அறையில் உங்களிடம் ஒருவர் நம்பிச் சொன்னதைக் காப்பாற்றுங்கள், அது சுலபம். நீங்களாகக் கண்டுபிடித்த ஒன்று வாய்க்கு வரும்போதுதான் நிறுத்தி யோசிக்க வேண்டும், அது யாருடைய சோறு என்று. புத்திசாலித்தனம் பொங்கி வருகிற அந்த நிமிடம் இருக்கிறதே, அதில் ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். மேஜையில் கண்ணாடித் தம்ளரில் வைத்திருப்பார்கள்.

இந்த மூன்று வருடத்தில் அந்தப் பாருக்கு வேறு மரம் எதுவும் வரவில்லை. ஆனாலும் தூண்டில் இறக்குவதற்கு முன் சூசை இப்போது நாலு திசையும் பார்க்கிறான் என்று அம்மை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நான் போனால் மரச்சீனியும் குழம்பும் உண்டு, கேலியும் உண்டு. கட்டுமரத்தில் மட்டும் ஏற்றுவதில்லை. என் ரிஜிஸ்டரை எடுத்துப் பாருங்கள், கடியப்பட்டணத்துக்கு எதிரே பார் விவரம் என்கிற கட்டத்தில் வருடாவருடம் ஒரே வரிதான் இருக்கும்: 'விசாரித்தேன். சொல்லவில்லை.' அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. ஒவ்வொரு வருடமும் அவன் முன்னால் ரிஜிஸ்டரோடு போய் நின்று கேட்கத்தான் செய்கிறேன்.